செலே நதிக்கரையில் ஏழு நாட்கள்

பிரான்ஸ் தேசத்துக்குச் சென்று வந்தேன் என்று சொன்னால், கேட்பவர் உடனே பாரிஸ் மாநகரைப் பற்றியும் ஐபெல் கோபுரத்தைப் பற்றியும் விசாரிப்பது வழக்கம். சென்ற மாதம் நம் சங்கத்து நூல்நிலையத்தில் கூடியிருந்த அன்பர்களும் அப்படித்தான் விசாரித்தார்கள். “பாரிஸில் தங்கியது இரண்டே நாட்கள். ஒரு சிற்றாற்றின் கரையோடு நடந்தது ஏழு நாட்கள்” என்று நான் விடை கூறியதும் அவர்களுக்கு வியப்பு உண்டாயிற்று. “அறுபத்தெட்டு வயதில் நடைப் பயணமா? அந்த ஆற்றில் அப்படி என்ன இருக்கிறது?” என்று கேட்டார்கள். அக்கேள்விக்கு விடையாக எழுதப்பட்டதே இக்கட்டுரை.

பிரான்ஸின் தென்மேற்கில் தூலூஸ் என்னும் பெருநகரம் உள்ளது. ஆகாய விமானங்கள் கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. என் மகள் அங்கே பொறியாளராகப் பணி புரிகிறாள். பெயர்த்திக்கு வயது பதினொன்று. சென்ற செப்டம்பரில் நான் அவர்களிடம் சென்றிருந்தபோது, “அப்பா, நகரத்தில் அடைந்து கிடப்பதைவிட ஓர் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வரலாம்” என்று மகள் யோசனை கூறினாள். மருமகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. ஆதலால் நாங்கள் மூவர் மட்டும் முதுகில் சிறு மூட்டைகளைச் சுமந்துகொண்டு புறப்பட்டோம்.

செலே என்பது 130 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள ஒரு சிறிய ஆறு. காந்தால் மலைப்பகுதியில் தோன்றி, கெர்ஸி என்னும் பழைய நாட்டின் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை அறுத்துக்கொண்டு ஓடி, பூஸியேஸ் என்னும் கிராமத்துக்கு அருகே லோத் நதியில் கலக்கிறது. மேட்டுநிலத்தில் தண்ணீர் நிற்பதில்லை. பெய்த மழையெல்லாம் பாறை வெடிப்புகளில் இறங்கிவிடும். ஆகவே மேலே குட்டையான ஓக் மரங்களும், ஆடு மேயும் வறண்ட புல்லும், சாந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்களுமே கண்ணுக்குத் தென்படும். கீழே பள்ளத்தாக்கில் இறங்கினாலோ, சோளக்கொல்லையும், அக்ரூட் தோப்பும், நெட்டிலிங்கம் போல் உயர்ந்த மரவரிசைகளுமாகப் பசுமை கண்ணைக் குளிர்விக்கிறது.

இவ்வழி இன்று நேற்று உண்டானதன்று. ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையில் உள்ள ஸாந்தியாகோ என்னும் திருத்தலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கிறிஸ்தவ யாத்திரிகர்கள் கால்நடையாகச் சென்று வருகின்றனர். 950-ஆம் ஆண்டில் லெ புய் நகரத்து மேற்றிராணியார் கொதஸ்கால்க் என்பவர் இவ்வாறு சென்றதாக வரலாறு உண்டு. லெ புய்யிலிருந்து செல்லும் பெருவழியின் ஒரு கிளை பேத்யுயே என்னும் ஊருக்கு அருகில் பிரிந்து செலே ஆற்றோடு பூஸியேஸ் வரை செல்கிறது. கிளைவழியின் நீளம் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பிரான்ஸிலுள்ள இந்த யாத்திரை வழிகளை 1998-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

வழி தவறிவிடுமோ என்ற அச்சம் வேண்டுவதில்லை. மரத்திலும் பாறையிலும் வெள்ளைக் கோடு ஒன்றும் அதன்கீழ்ச் சிவப்புக் கோடு ஒன்றும் தீட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் மதிலின் பட்டைகள் நினைவுக்கு வந்தன. அதே வர்ணங்களில் பெருக்கல் குறி கண்டால் அது தவறான வழி, திரும்பிவிட வேண்டும்.

எழுத்தின் ஊர்

தூலூஸிலிருந்து ரயிலில் ஏறி ஃபிஜாக் என்னும் ஊரில் இறங்கினோம். செலே ஆற்றங்கரையில் உள்ள இடைக்கால வணிக நகரம் அது. மணற்கல் வீடுகள், குறுகிய சந்துகள், வீடுகளின் உச்சியில் சுவரில்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த மாடம். தோலையும் துணியையும் தானியத்தையும் அங்கே காயவைப்பார்களாம்.

இவ்வூரில் 1790-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி ஒரு புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தவர்தாம் ழான் பிரான்ஸ்வா ஷாம்போலியோன். எகிப்து தேசத்துச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய அறிஞர் இவரே. பிறந்த வீடு இன்று உலக எழுத்துகளின் காட்சிசாலையாக விளங்குகிறது. அதன் அருகே ஒரு சிறு முற்றத்தில், புகழ்பெற்ற ரொஸெட்டா கல்லின் மிகப் பெரிய நகலைக் கருங்கல்லில் செதுக்கித் தரையாகவே பதித்திருக்கிறார்கள். ஜோஸப் கோஸுத் என்னும் அமெரிக்கக் கலைஞர் 1991-இல் அமைத்தது. அதன்மீது நடந்து செல்லலாம். பெயர்த்தி ஒவ்வொரு வரியாகத் தாண்டிக் குதித்து விளையாடினாள்.

அசல் கல் 1799-இல் எகிப்தில் பிரெஞ்சுப் படையினரால் கண்டெடுக்கப்பட்டு, பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போய், 1802 முதல் லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு 196 ஆண்டுகள் முன் வெளியிட்ட ஓர் அரசாணை அதில் மூன்று எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளது: மேலே சித்திர எழுத்து, நடுவே வழக்கெழுத்து, அடியில் கிரேக்கம். கிரேக்கத்தைப் படிக்க ஆள் இருந்தது. மற்ற இரண்டையும் படிக்க உலகில் ஒருவரும் இல்லை. தேதி தெரிந்த சித்திர எழுத்துக் கல்வெட்டுகளில் கடைசியானது கி.பி. 394-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதை அடுத்து, ஏறத்தாழ 1400 ஆண்டுகள் அந்த எழுத்து ஊமையாகக் கிடந்தது.

ஷாம்போலியோன் அந்தப் பூட்டைத் திறந்தது எவ்வாறு? இளமையிலேயே அவர் காப்டிக் மொழியை ஊன்றிக் கற்றார். பழைய எகிப்திய மொழியின் கடைசிப் பிள்ளை அது. தெருவிலும் கடையிலும் அதைப் பேசுவோர் மறைந்துபோன பின்னும், எகிப்துக் கிறிஸ்தவர் தம் கோயில் வழிபாட்டில் அதை விடாமல் ஓதி வந்தனர். அந்த ஒலி எஞ்சியிருந்தமையால், படத்துக்கு உரிய சொல்லை அவரால் கண்டுகொள்ள முடிந்தது. 1822 செப்டம்பரில் தம் முடிவைப் பாரிஸில் அறிவித்தார். 1832-இல், நாற்பத்தொன்றாம் வயதில், காலமானார்.

நம் நாட்டிலும் இதற்கு ஒத்த வரலாறு உண்டு. பாண்டிய நாட்டுக் குன்றுகளின் குகைகளில் இருந்த பிராமி எழுத்துகளைப் பலர் பார்த்தும் பொருள் விளங்காதிருந்தது. அவற்றின் மொழி தமிழே என்று 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டினார். மொழி உயிரோடு இருந்தமையால் கல் பேசிற்று. சிந்துவெளி முத்திரைகளுக்கு அப்படி ஒரு துணை இன்னும் உறுதியாகக் கிட்டவில்லை.

இவற்றையெல்லாம் காட்சிசாலையில் பெயர்த்திக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மிக நன்றாகச் சொல்கிறோம் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, “தாத்தா, நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்களே, அதுவும் எனக்கு இந்தப் படம் மாதிரிதான். அம்மா படித்துச் சொன்னால்தான் தெரியும்” என்றாள்.

அவள் குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். பிறந்தநாள்தோறும் பண்டிகைதோறும் நான் எழுதிய கடிதங்களை ஒரு பிஸ்கோத்துப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். அவற்றில் ஒன்றையும் அவளால் படிக்க இயலாது. வீட்டில் தமிழ் பேசுகிறாள். எழுத்து மட்டும் தெரியாது. மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு களிமண் பலகையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் எழுத்துக் கூட்டியே தமிழ் படிப்பவள் என்பது எனக்குத் தெரியும். அது அவள் பிழையன்று. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

காட்சிசாலையை விட்டு வந்ததும் கடைத்தெருவில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். நடக்கும் ஏழு நாளும் மாலையில் ஒரு மணி நேரம் எழுத்துப் பாடம் என்று முடிவு செய்தோம்.

பாறையும் பாழும்

முதல் நாள் மேட்டுநிலத்தின் வழியே ஃபேஸெல் என்னும் கிராமத்தைக் கடந்து பேத்யுயே வரை நடந்தோம். இரண்டாம் நாள் பள்ளத்தாக்கில் இறங்கி ஆற்றைச் சேர்ந்தோம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோமீட்டர் என்பது எங்கள் கணக்கு. பாதை சில இடங்களில் ஆற்றை ஒட்டிச் செல்லும். திடீரென்று நூறு மீட்டர் உயரமுள்ள பாறைமேல் ஏற்றிவிட்டு, மறுபடியும் ஆற்றில் கொண்டுவந்து இறக்கும். முழங்காலுக்கு இது சோதனைதான். கைத்தடி ஒன்று கட்டாயம் வேண்டும்.

எஸ்பாஞாக் என்னும் சிற்றூர் ஆற்றின் மறுகரையில், பழைய கன்னிமாடம் ஒன்றைச் சுற்றி அமைந்திருக்கிறது. ‘சொர்க்கப் பள்ளத்தாக்கின் அன்னை’ என்று அம்மடத்துக்குப் பெயர். கோயில் கோபுரத்தின் உச்சி மரச்சட்டமும் செங்கல்லுமாகக் கட்டப்பட்டு, கல் உடம்பின்மேல் ஒரு வீட்டைத் தூக்கி வைத்தாற்போல் காட்சி தருகிறது. மடத்தின் பழைய கட்டடத்தில் ஒரு பகுதி இன்று யாத்திரிகர் விடுதி.

அடுத்துள்ள பிரெங் கிராமத்தில் செங்குத்தான பாறையின் பொந்துக்குள் மதிலெழுப்பிக் கட்டிய அரண் ஒன்று அந்தரத்தில் தொங்குகிறது. ஊரார் அதை ‘ஆங்கிலேயர் கோட்டை’ என்கிறார்கள். இப்பள்ளத்தாக்கில் அப்பெயர் கொண்ட பாறையரண்கள் பல உண்டு. 1337 முதல் 1453 வரை நடந்த நூறாண்டுப் போரில் இந்நாடு மிகவும் சீரழிந்தது. 1360-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெர்ஸி முழுவதும் ஆங்கிலேய அரசரின் கைக்குப் போயிற்று. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலான பின்னும் குடியானவர் அப்பெயரை மறக்கவில்லை.

மூன்றாம் நாள் மார்சியாக் என்னும் ஊரை அடைந்தோம். இங்கே ஒரு பெரிய பெனடிக்டின் மடாலயத்தின் இடிபாடுகள் நிற்கின்றன. ஒரு காலத்தில் செல்வமும் செல்வாக்கும் மிகுந்த மடம் இது. மலைமேல் உள்ள ரொக்கமதூர் என்னும் புகழ்பெற்ற திருத்தலமே முதலில் இம்மடத்தின் உடைமையாக இருந்தது. இவர்கள் அதைக் கவனியாது விட்டுவிட, தூல் என்னும் ஊர்த் துறவிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். யாத்திரிகர் கூட்டமும் காணிக்கையும் பெருகத் தொடங்கிய பிறகே மார்சியாக் துறவிகளுக்கு விழிப்பு வந்தது. வழக்கு நெடுங்காலம் நடந்தது; போனது போனதுதான். பிறகு நூறாண்டுப் போரும், பதினாறாம் நூற்றாண்டின் மதப் போரும் மடத்தை அழித்தன. பழைய கோயிலின் கூரையற்ற நடுக்கூடத்தில் இன்று புல் முளைத்திருக்கிறது. வளைவுகளின்மேல் காக்கைகள் உட்கார்ந்திருந்தன.

அன்று மாலை தரையிலிருந்த ஈரமணலில் குச்சியால் ‘அ’ முதல் ‘ஔ’ வரை எழுதினோம். ‘இ’ எழுதுவது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. ‘ஈ’ ஏன் அந்த உருவத்தில் இருக்கிறது என்று கேட்டாள். எனக்கும் விடை தெரியவில்லை.

கோழிகளிடம் பேசிய மொழி

உணவைப் பற்றி நம் வாசகர்கள் கவலைப்படுவார்கள். புலால் உண்ணாதவனுக்கு இந்த நாட்டில் சற்றுச் சிரமம்தான். ஆயினும் முன்னதாகச் சொல்லிவிட்டால், பருப்பு வகையில் லெ புய்யின் பச்சை மசூர், உருளைக்கிழங்கு, ஆட்டுப்பாலில் செய்த ரொக்கமதூர்ப் பாலாடைக்கட்டி, அக்ரூட், புதிய ரொட்டி, பழங்கள் என்று வயிறு நிறையக் கிடைக்கும். ஒரு விடுதியில் மட்டும், “மீன் சாப்பிடுவீர்கள் அல்லவா?” என்று கேட்டார்கள்.

நான்காம் நாள் இரவு நாங்கள் தங்கிய வீட்டுக்கு உடைமைக்காரியான மூதாட்டியை நான் மறக்க முடியாது. எண்பத்தைந்து வயது இருக்கும். தனியே இருக்கிறார், வரும் யாத்திரிகர்களுக்கு இரண்டு அறைகளை விடுகிறார். இரவு உணவுக்குப் பின் பெயர்த்தி நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள். மூதாட்டி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இது என்ன எழுத்து என்று விசாரித்தார். மகள் பிரெஞ்சு மொழியில் விளக்கினாள். சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னதை மகள் எனக்கு மொழிபெயர்த்தாள்.

“என் தாயாருக்கு எங்கள் ஊர் மொழி நன்றாகத் தெரியும். பாட்டியோடு அதில்தான் பேசுவாள். கோழிகளைக் கூப்பிடுவதும் மாட்டை அதட்டுவதும் அதில்தான். எங்களிடம் மட்டும் பிரெஞ்சு பேசினாள். நாங்கள் படித்து முன்னுக்கு வர வேண்டும் என்று நினைத்தாள். கோழிகளுக்குக் கற்பித்ததை எங்களுக்குக் கற்பிக்கவில்லை.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

அவர் சொன்ன மொழிக்கு ஒக்ஸித்தான் என்று பெயர். ஒரு காலத்தில் பிரான்ஸின் தென்பகுதி முழுவதற்கும் உரியதாக இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் த்ரூபதூர் என்னும் கவிஞர்கள் இம்மொழியில் பாடிய காதற்பாடல்கள் ஐரோப்பா முழுவதும் பரவின. இத்தாலிய மகாகவி தாந்தே தம் காவியத்தில் ஆர்னோ தானியேல் என்ற கவிஞரை அவருடைய ஒக்ஸித்தான் மொழியிலேயே பேச வைத்தார். 1904-ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்ற பிரெதெரிக் மிஸ்திரால் பாடியதும் இம்மொழியின் ஒரு கிளையிலேதான்.

இத்தகைய மொழி எப்படித் தேய்ந்தது? 1539-இல் முதலாம் பிரான்ஸ்வா மன்னர் நீதிமன்ற ஆவணங்களையெல்லாம் பிரெஞ்சு மொழியில் எழுத வேண்டும் என்று ஆணையிட்டார். 1794-இல், புரட்சிக் காலத்தில், கிரெகுவார் என்னும் பாதிரியார் வட்டார மொழிகளை ஒழிக்க வேண்டும் என்று அறிக்கை வாசித்தார். இருந்தும் குடியானவர் வீட்டில் மொழி உயிரோடுதான் இருந்தது. 1881, 1882-ஆம் ஆண்டுச் சட்டங்களால் இலவசக் கட்டாயக் கல்வி வந்தது. அது பெரும் நன்மை. எனினும் பள்ளியில் பிரெஞ்சு தவிர வேறு மொழிக்கு இடமில்லை. ஊர் மொழியில் பேசிய பிள்ளையின் கையில் ஒரு மரத்துண்டைக் கொடுப்பார்கள். அவன் அம்மொழியில் பேசும் வேறொரு பிள்ளையைப் பிடித்து அவனிடம் அதைத் தள்ளிவிட வேண்டும். மாலையில் எவன் கையில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை.

ஊரை விட்டுப் போனவர்களும் பலர். 1870-க்குப் பின் திராட்சைக் கொடிகளை ஒரு பூச்சி அழித்தது. வேலை தேடி மக்கள் பாரிஸுக்கும் போர்தோவுக்கும் போனார்கள். 1851-இல் லோத் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்று லட்சம். இன்று சுமார் ஒன்றே முக்கால் லட்சம்தான். பள்ளியும் பிழைப்பும் ஒரு பக்கம் இழுக்க, பிள்ளைகள் நலம் கருதிய பெற்றோரே மறுபக்கத்துக் கயிற்றை விட்டுவிட்டார்கள். மூன்று தலைமுறையில் கதை முடிந்தது: பாட்டி பேசினாள், தாய்க்குத் தெரியும், பேசவில்லை, பிள்ளைக்குத் தெரியாது.

முற்றும் முடிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 1951-இல் ஒரு சட்டம் பள்ளிகளில் அம்மொழியைக் கற்பிக்க முதன்முதல் அனுமதித்தது. 1979-இல் போ நகரத்தில் பெற்றோர்களே சேர்ந்து ஒக்ஸித்தான் வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். கலந்திரேத்தா என்னும் பெயரில் அத்தகைய பள்ளிகள் இன்று பல ஊர்களில் நடக்கின்றன. தூலூஸ் நகரத்துச் சுரங்க ரயிலில் நிலையங்களின் பெயர்களைப் பிரெஞ்சிலும் ஒக்ஸித்தானிலும் அறிவிக்கிறார்கள். “தினமும் கேட்கிறேன். அது என்ன மொழி என்று இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை, அப்பா” என்றாள் மகள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் வீட்டுக் கதையையும் வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. நான் மத்திய சர்க்கார் அலுவலில் தில்லிக்கு வந்தபோது மகள் கைக்குழந்தை. அவள் பள்ளியில் ஹிந்தியும் ஆங்கிலமும் படித்தாள். மதிப்பெண் நிறைய வாங்கினாள். தமிழ் கற்பிக்கும் பள்ளி பேருந்தில் மூன்று நிறுத்தம் தள்ளி இருந்தது. “தமிழுக்கு என்ன அவசரம்? அது வீட்டில் இருக்கவே இருக்கிறது” என்று நான் சொல்வது வழக்கம். அலுவலகம் முடிந்து வந்து நான் கற்பிப்பேன் என்று என் மனைவி நம்பினாள். பகலில் அவள் கற்பிப்பாள் என்று நான் நம்பினேன். அவள் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவள் கைப்பட எழுதிய சமையல் குறிப்பு நோட்டு மகளிடம் இருக்கிறது. அதில் பாதிப் பக்கங்கள் கூட்டெழுத்தாக இருப்பதால் மகளுக்கு விளங்குவதில்லை என்பதை அந்த நடையின்போதுதான் அறிந்தேன்.

குகையில் கண்ட கை

ஆறாம் நாள் காலை கப்ரரே கிராமத்துக்கு மேலுள்ள பெஷ் மெர்ல் குகையைக் கண்டோம். ‘பெஷ்’ என்றால் குன்று. அது பிரெஞ்சுச் சொல்லன்று, ஒக்ஸித்தான். பேசுவோர் போன பின்னும் இடப்பெயர்களில் மட்டும் அம்மொழி குடியிருக்கிறது.

1922-இல் ஆந்த்ரே தாவீத், ஆன்ரி துத்தெர்த்ர் என்னும் இரண்டு கிராமத்துச் சிறுவர்கள் குறுகலான பொந்துகளில் ஊர்ந்து சென்று இக்குகையின் ஓவியக் கூடங்களைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு அதில் ஆர்வமூட்டியவர் அவ்வூர்ப் பங்குப் பாதிரியார் லெமோஸி. ஷாம்போலியோன் எகிப்திய எழுத்தைப் படித்த ஆண்டுக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, அவர் பிறந்த ஆற்றங்கரையிலேயே அதைவிடப் பன்மடங்கு பழைய சுவர் ஒன்று வெளிப்பட்டது. ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை, முன்பதிவு அவசியம்.

உள்ளே ஒரு பாறையில் புள்ளிகள் நிறைந்த இரண்டு குதிரைகள் முதுகுக்கு முதுகு காட்டி நிற்கின்றன. ஏறத்தாழ 29,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்டவை. புள்ளிக் குதிரை கற்பனையாகவே இருக்கும் என்று பலர் கருதியதுண்டு. 2011-இல் பழங்காலக் குதிரை எலும்புகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அத்தகைய புள்ளிகள் உண்மையிலேயே இருந்திருக்கக்கூடும் என்று கண்டார்கள். குதிரைகளைச் சுற்றி மனிதக் கைகளின் அச்சுகள் உள்ளன. கையைச் சுவரில் வைத்து, வாயிலிருந்து கரிச்சாயத்தை ஊதி, கையை எடுத்தால் அதன் வடிவம் வெறுமையாக நிற்கும். மிஷேல் லோர்பிளான்ஷே என்னும் ஆராய்ச்சியாளர் தாமே அவ்வாறு சாயம் ஊதிப் பரிசோதித்துக் காட்டினார். வேறோர் இடத்தில், இறுகிப்போன களிமண்ணில், வளரும் வயதிலிருந்த ஒருவரின் காலடிகள் பதிந்திருக்கின்றன.

பெயர்த்தி சுவரைத் தொடாமல், எட்ட நின்றே, தன் கையை விரித்து அந்தக் கையின் நேரே தூக்கிப் பிடித்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

பாலத்தில் முடிந்த பயணம்

அன்று பிற்பகல் பூஸியேஸில் செலே ஆறு எங்களிடம் விடைபெற்றது. அங்கிருந்து லோத் நதியின் கரையில், பாறையைக் குடைந்து செதுக்கிய நடைபாதை ஒன்று செல்கிறது. முன்காலத்தில் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பதற்காக 1840-களில் அது வெட்டப்பட்டது. காவோர் நாட்டுத் திராட்சை மது இந்நதி வழியேதான் போர்தோ துறைமுகத்துக்குச் சென்றது. ரயில் வந்ததும் படகுத் தொழில் மடிந்தது. பாறைச் சுவரில் ஒரு பகுதியில் தானியேல் மோனியே என்னும் சிற்பி மீன்களையும் சிப்பிகளையும் செதுக்கியிருக்கிறார்.

அப்பாதையின் முடிவில், நதிக்கு மேல் நூறு மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பில் நிற்கிறது ஸேன் ஸீர் லாபொபி. செங்குத்தான ஓட்டுக் கூரைகளும் மரச்சட்ட வீடுகளும் நிறைந்த ஊர். மதுப் பீப்பாய்களுக்கு மரக்குழாய் கடையும் தொழிலாளர் இங்கே ஒரு காலத்தில் ஏராளம். கவிஞர் ஆந்த்ரே பிரெதோன் இவ்வூரின் அழகில் ஈடுபட்டு 1951-இல் இங்கேயே ஒரு வீடு வாங்கினார். 2012-இல் பிரெஞ்சு மக்கள் தங்கள் மனத்துக்கு உகந்த கிராமமாக இதைத் தேர்ந்தெடுத்தனர். நிலையாக வாழ்வோர் இருநூறு பேர் அளவில்தான். பார்க்க வருவோரோ பல்லாயிரவர். ஆறு நாள் அமைதிக்குப் பின் அந்தக் கூட்டம் எங்களுக்குச் சற்று மலைப்பாகவே இருந்தது.

ஏழாம் நாள் பேருந்தில் காவோர் நகரம் சேர்ந்து, வாலாந்த்ரே பாலத்தைக் கண்டோம். 1308-இல் தொடங்கி எழுபது ஆண்டுகள் கட்டப்பட்டது. மூன்று கோபுரங்கள் கொண்டது. வேலை முடியாமல் தவித்த தலைமைக் கொத்தனார் சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்டதாக ஊரில் ஒரு கதை. கடைசியில் சல்லடையில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவனை ஏமாற்றிவிட்டார். சாத்தான் கோபங்கொண்டு, ஒரு கோபுரத்தின் உச்சிக் கல்லை ஒவ்வோர் இரவும் பெயர்த்துவிடுவானாம். பகலில் மறுபடியும் பதிக்க வேண்டுமாம். 1879-இல் பாலத்தைச் செப்பனிட்ட கட்டடக் கலைஞர் போல் கூ அந்த இடத்தில் சிறிய சாத்தான் உருவம் ஒன்றைச் செதுக்கிப் பதிக்கச் செய்தார்.

கதையைக் கேட்ட பெயர்த்தி, “தாத்தா, நானும் அப்படித்தான். ராத்திரி தூங்கினால் ‘ண’ போய்விடுகிறது. காலையில் மறுபடியும் கற்க வேண்டியிருக்கிறது” என்றாள்.

ஏழு நாளில் உயிரெழுத்துப் பன்னிரண்டும் படித்துவிட்டாள். மெய்யெழுத்துகளை அடையாளம் கண்டுகொள்கிறாள். ‘ண’வும் ‘ன’வும், ‘ல’வும் ‘ள’வும் அவளைத் தொல்லைப்படுத்துகின்றன. உயிர்மெய் இன்னும் பாக்கி. மகள் தன் தாயின் சமையல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, விளங்காத பக்கங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறாள். நான் அச்செழுத்துப் போல் பிரித்து எழுதி அனுப்புகிறேன். ஞாயிறுதோறும் தொலைபேசியில் முகம் பார்த்துப் பாடம் நடக்கிறது. பள்ளித் தேர்வுகள் நெருங்கும்போது இது நிலைக்குமோ, நிலைக்காதோ, சொல்ல இயலாது.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: மே, ஜூன் அல்லது செப்டம்பர் மாதம் ஏற்றது, ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். விடுதிகளுக்கு முன்னதாக எழுதி இடம் பிடிக்க வேண்டும். மேட்டுநிலத்தில் தண்ணீர் கிடைக்காது. கையில் எடுத்துச் செல்ல வேண்டும். கிராமங்களில் கடைகள் குறைவாதலால் ரொட்டியும் பழமும் ஒரு நாளைக்கு மேல் கைவசம் இருத்தல் நலம். நல்ல காலணி இன்றியமையாதது.

சென்ற வாரம் தூலூஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்கு வரிகள், பென்சிலால் எழுதியது. ‘தாத்தா’ என்ற சொல்லில் நடுவே உள்ள ‘த்’ விடுபட்டிருந்தது. பிழை திருத்த மனம் வரவில்லை. திருத்தாமல் விடுவதும் தவறென்று தோன்றியது. ஆகையால் மறுமொழிக் கடிதத்தில் அச்சொல்லைப் பெரிய எழுத்தில் சரியாக மூன்று இடங்களில் எழுதி, தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.